அரை டிக்கெட் வயது

விமான டிக்கெட் மலிவாக எடுப்பதில் நான் கெட்டிக்காரன் என்று ஒரு காலத்தில் மலையாளச் சீமையில், ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு முழுக்கப் பேர் இருந்தது. அந்தப் பேரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கு இருபத்திமூன்று வயது. ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கிளார்க் வேலை. முதலாளி மாதம் ஒரு தடவையாவது பம்பாய்க்கோ மதராஸுக்கோ போவார். ரயிலில் நாள்கணக்காக உட்கார அவர் உடம்பு இடம் கொடுக்காது. அதனால் விமானம். டிக்கெட் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

மற்றவர்களாக இருந்தால் பணத்தைக் கட்டி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். நான் விமானக் கம்பெனியின் புக்கிங் ஆபீஸில் சுவரில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலை நின்று நிதானமாகப் படித்தேன். போகவும் வரவும் சேர்த்து எடுத்தால் குறைவு. மதராஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து இரவில் தபால் மூட்டைகளோடு பறக்கும் விமானத்தில் ஏறினால் இன்னும் குறைவு. எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால் ரத்து செய்த டிக்கெட்டுக்குப் பிடித்தம் இல்லை என்பதுகூட எனக்கு மனப்பாடம். முதலாளி சந்தோஷப்பட்டார். பக்கத்துக் கடைக்காரர்களும் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். கவுண்டரில் இருந்தவர் என்னைக் கண்டாலே, இன்றைக்கு எதில் கை வைக்கப்போகிறாய் என்று மலையாளத்தில் கேட்டுச் சிரிப்பார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

குழந்தைகள் விஷயத்தில்தான் என் மூளை ரொம்பச் சுறுசுறுப்பாக வேலை செய்தது. மூன்று வயது முடியாத கைக்குழந்தைக்குப் பேருக்கு ஒரு கட்டணம். பன்னிரண்டு முடியாதவர்களுக்குப் பாதி. கம்பெனியின் பாரத்தில் பிறந்த தேதியை இங்கிலீஷ் வருஷத்தில் எழுத வேண்டும். எங்கள் ஊரில் பிறந்த தேதி என்றால் மலையாளக் கணக்கான கொல்ல வருஷம்தான். ஜாதகத்தில் அதுதான் இருக்கும், வீட்டில் சொல்வதும் அதுதான். கொல்ல வருஷத்தோடு எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும். ஆனால் கொல்ல வருஷம் தொடங்குவது சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில். ஆகையால் சிங்கத்திலிருந்து மார்கழி நடுப்பகுதி வரை பிறந்தவர்களுக்கு எண்ணூற்று இருபத்துநான்குதான் கூட்ட வேண்டும். இது தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. தெரிந்தவர்களும் அவசரத்தில் தப்பு செய்வார்கள்.

என் சாமர்த்தியம் முழுக்க அந்தத் தப்பில்தான் இருந்தது. சிங்கத்தில் பிறந்த பிள்ளைக்கு இருபத்துநான்குக்குப் பதிலாக இருபத்தைந்தைக் கூட்டினால் ஒரு வயது இளசாகிவிடும். பிடிபட்டால் கூட்டலில் பிசகு என்று சொல்லித் தலையைச் சொறியலாம். ஆரியசாலையில் ஒரு வெற்றிலை வியாபாரியின் பிள்ளைக்கு இப்படித்தான் ஒரு வயதைக் குறைத்து அரை டிக்கெட் வாங்கிக் கொடுத்தேன். அவர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் நானும் இதைப் பெருமையாக எழுதினேன். அப்பா அப்போது பம்பாயில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதுங்காவில் இன்னொருவரோடு அறை. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். என் வீரப்பிரதாபத்தைப் பற்றி அவர் பதில் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதை நான் கவனிக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அப்பாவின் அறைத்தோழரிடமிருந்து தந்தி வந்தது. வயிற்றில் கட்டி, வெள்ளிக்கிழமை ஆபரேஷன், அம்மாவையும் குழந்தையையும் விமானத்தில் அனுப்பு என்று இருந்தது. மறுநாளே தந்தி மணியார்டரில் பணமும் வந்துவிட்டது. இரண்டு பேருக்கு முழு டிக்கெட் எடுக்கப் போதுமான பணம். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏழ்மையின் பேரில் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

குழந்தை என்று தந்தியில் இருந்தது என் தங்கை. நாங்கள் இரண்டே பேர், நடுவில் பதினோரு வருஷம் இடைவெளி. அவள் கூடப் போவதற்குக் காரணம் இருந்தது. அம்மாவுக்குத் தமிழும் சந்தை மலையாளமும்தான். தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல், அதோடு இரண்டு ஹிந்தி பரீட்சைகள் பாஸ் பண்ணியிருந்தாள். பம்பாய் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. எனக்குக் கடையில் சரக்கு எடுக்கும் சமயம், லீவு கிடைக்கவில்லை. ரயிலில் போனால் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். புதன்கிழமை விமானத்தை விட்டால் அடுத்தது சனிக்கிழமை. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது தவிர அம்மாவுக்கு அந்த இரண்டு நாளும் வேறு நினைப்பே இல்லை.

புக்கிங் ஆபீஸில் பாரத்தைக் கையில் வாங்கியதும் என் புத்தி தன் வழக்கமான வேலையைச் செய்தது. தங்கை பிறந்தது சிங்கத்தில். பன்னிரண்டு முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினேன். பதினொன்று ஆகிவிட்டாள். யோசித்துச் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அப்பா பம்பாயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார், நான் இங்கே ஒரு வருஷத்தைத் திருடிக்கொண்டிருக்கிறேன், அதில் எனக்கு ஒரு குஷிகூட இருந்தது. மிச்சப் பணத்தை என்ன செய்வதாக இருந்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. மிச்சம் பிடித்தேன் என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து டிக்கெட்டைக் காட்டினேன். தங்கை வாங்கிப் படித்துவிட்டு, "அண்ணா, இது தப்பு. சிங்கத்துக்கு எண்ணூத்தி இருபத்தினாலுன்னா கூட்டணும்?" என்றாள்.

தெரியும், சும்மா இரு, யாராவது கேட்டால் பதினொன்று என்று சொன்னால் போதும் என்றேன். அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். கணக்கைத் தெரிந்தே தப்பாகப் போடுவார்கள் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

ஆனால் விஷயம் கணக்கோடு முடியவில்லை. தங்கை பெரியவளாகி அப்போதுதான் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பாவாடை தாவணி போட ஆரம்பித்திருந்தாள். எங்கள் தெருவில் தாவணி போட்ட பெண் என்றால் அவளுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. வாசலில் பாண்டி ஆட மாட்டாள், பையன்கள் அவளை வாடி போடி என்று கூப்பிட மாட்டார்கள். அவளும் அந்த மரியாதைக்குத் தகுந்தபடி நடையையே மாற்றிக்கொண்டிருந்தாள். தாவணி போட்ட பெண்ணை எந்தக் கம்பெனிக்காரனும் பதினொன்று என்று நம்ப மாட்டான். ஆகவே விமானத்தில் ஏறும்வரை கவுன் போட்டுக்கொள்ளட்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள். அடுப்பைப் பார்த்தபடியே, "அவ தாவணி போட்டுண்டு முழுசா ரெண்டு மாசம் ஆகலைடா. அதுக்குள்ள அவுத்து வைன்னு நான் எப்படிடா சொல்லுவேன்?" என்றாள்.

வேறு வழி இல்லை என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். பணம் தட்டுப்பாடு என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்கும்படி நான் விட்டுவிட்டேன். மணியார்டரில் எவ்வளவு வந்தது என்று அவள் கேட்கவில்லை, கேட்கும் வழக்கமும் அவளுக்கு இல்லை. அப்பாவிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அவள் தங்கையிடம் போய்ச் சொன்னாள். சொல்லும்போது குரல் எனக்குக் கேட்டது, தங்கையின் பதில் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை போன வருஷத்துக் கவுனை எடுத்து, மடிப்புப் பிரித்து, விளிம்பை இறக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். பம்பாயில் இறங்கியவுடன் மாற்றிக்கொள்வதற்காக இரண்டு தாவணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அந்த இரண்டு தாவணிகளையும் புதன்கிழமை காலையில், அவள் குளிக்கப் போயிருந்த சமயம், நான் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். ஏரோடிராமில் சில சமயம் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பதினோரு வயதுப் பெண்ணின் பெட்டியில் தாவணிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால்? எப்பேர்ப்பட்ட தொலைநோக்கு. யாரிடமும் சொல்லாமல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

விமானக் கம்பெனியின் வண்டியில் சங்குமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஏரோடிராமுக்குப் போய்ச் சேர்ந்தோம். தங்கை தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னி ரிப்பன் கட்டியிருந்தாள். அதுவும் என் யோசனைதான். வழி முழுக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்த வண்டி ஏற எங்கள் தெருவில் நடந்து வந்தபோது அவளோடு படிக்கும் இரண்டு பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். இரண்டு பேரும் தாவணியில் இருந்தார்கள். ஒருத்தி உள்ளே போய் இன்னும் யாரையோ கூட்டிக்கொண்டு வந்தாள்.

அந்த நாளில் விமானத்தில் ஏறுகிறவர்களையும் எடை போடுவார்கள். பெட்டியைத் தராசில் வைத்த கையோடு ஆளையும் ஏறச் சொல்லி, ஒருவர் எடையை உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் அந்த வெற்றிலை வியாபாரி நின்றிருந்தார். தங்கையின் கவுனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணைச் சிமிட்டினார். விஷயத்தை அவரிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதிலுக்கு நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

தங்கை தராசிலிருந்து இறங்கினாள். எழுதிக்கொண்டிருந்த ஆபீஸர் நிமிர்ந்து பார்த்தார். நடுவயது, கண்ணாடி போட்டவர், குரலில் கடுமை கிடையாது. டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறந்த மாதம் எது என்று மலையாளத்தில் என்னைக் கேட்டார். சிங்கம் என்றேன். கொல்ல வருஷம் என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன். பொய் சொல்ல எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை, ஏனென்றால் நான் தயார் செய்துவைத்த பொய் இங்கிலீஷ் வருஷத்தில் இருந்தது. அவர் பென்சிலால் ஓரத்தில் கூட்டினார்.

"சிங்ஙத்தில் ஜனிச்சால் எண்ணூற்றி இருபத்திநாலல்லே கூட்டேண்டது?" என்றார்.

நான் தலையைச் சொறிந்தேன். பிசகு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. என்னை விட்டுவிட்டுத் தங்கையின் பக்கம் குனிந்து, மகளே, உனக்கு என்ன வயது என்று மெதுவாகக் கேட்டார்.

பதினொன்று என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் சொல்லிக் கொடுத்திருந்தேன். சொன்னால் தப்பித்தோம், சொல்லாவிட்டால் அவமானம் என்று மட்டும்தான் என் கணக்கு ஓடியது. விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டால் அம்மா என்ன ஆவாள் என்பது அப்போதுதான், முதல் தடவையாக, எனக்கு உறைத்தது. அம்மா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கை நேராக நின்றாள். "பன்னிரண்டு கழிஞ்ஞு சார். ஞானாணு கூட்டியது. தெற்றிப்போயி" என்றாள்.

பன்னிரண்டு முடிந்துவிட்டது, கூட்டியது நான்தான், தப்பாகிவிட்டது என்று சொன்னாள். வகுப்பில் கணக்கில் முதலாக வருகிறவள். வாழ்நாளில் இரண்டு இலக்கக் கூட்டலில்கூடப் பிசகாதவள். கூட்டலே தெரியாதவள் என்று அத்தனை பேர் முன்னால் தன் வாயால் சொல்லிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். இல்லை சார், நான்தான் செய்தேன் என்று சொல்ல ஒரு வினாடி போதும். அந்த வினாடி வந்தது, போயிற்று. நான் சொல்லவில்லை.

ஆபீஸர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. பாக்கிப் பாதியையும் கட்டிவிட்டால் போகலாம், நேரம் ஆகிறது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தேன். எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை, தனியாக மடித்துத்தான் வைத்திருந்தேன். வெற்றிலை வியாபாரி திடீரென்று கூரையில் சுற்றும் விசிறியைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா என் சட்டையை விட்டாள்.

"பணம் கையில இருந்துதா?" என்று கேட்டாள்.

நான் ஆபீஸர் கொடுத்த ரசீதை வாங்கி டிக்கெட்டோடு சேர்த்து வைத்தேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. தங்கையின் தோளைத் தொட்டு, இனிமேல் என்ன, முழு டிக்கெட் ஆகிவிட்டது, பெட்டியைத் திறந்து தாவணியை எடுத்துச் சுற்றிக்கொள், அதோ பெண்கள் ரூம் இருக்கிறது என்றாள். தங்கையின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. அவள் பெட்டிப் பக்கம் குனிந்து பூட்டில் கை வைத்தபோது, தாவணியை நான் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். வேறு யார் சொல்வது?

அவள் பூட்டிலிருந்து கையை எடுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் அதை மறந்திருப்பேன். பிள்ளைகள் புரியாத கணக்கைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். நான் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து நீட்டினேன். சலவை செய்தது, நல்ல வெள்ளை. வேண்டாம் அண்ணா என்றாள். அம்மாவும் வாங்கிக்கொள்ளவில்லை.

விமானம் வரை நடந்து போக வேண்டும். கடல் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அம்மா தன் புடவைத் தலைப்பை அவள் தோளைச் சுற்றிப் போட முயன்றாள், காற்றில் நிற்கவில்லை. தங்கை கையில் கொண்டுவந்திருந்த ஹிந்தி அகராதியை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். படியின் மேல் நின்றவர் குழந்தை என்று நினைத்து அவளுக்கு மிட்டாய்த் தட்டை நீட்டினார். அவள் எடுத்துக்கொள்ளாமல் உள்ளே போனாள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைகுனிவு என்று எழுத்தில் படித்திருக்கிறேன். கழுத்து உண்மையாகவே நிமிராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை தந்தி வந்தது, இருவரும் வந்து சேர்ந்தார்கள், அப்பாவைப் பார்த்தார்கள் என்று. சனிக்கிழமை இன்னொரு தந்தி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று. எனக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஏரோடிராமில் நடந்ததைக் கொஞ்சம் சின்னதாக்கி மனதில் ஒரு மூலையில் தள்ளிவைக்கவும் முயன்றேன். அப்பா பிழைத்துக்கொண்டார், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், பிறகென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெருவில் டிக்கெட் விஷயமாக ஒருவர் என்னைத் தேடி வந்தார். எனக்குத் தெரியாது, ஆபீஸில் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார்.

பத்து நாள் கழித்து அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. உட்கார்ந்து எழுத முடியவில்லை, சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறாள் என்று ஆரம்பத்திலேயே இருந்தது. அவளுடைய உருண்டையான எழுத்து. உடம்பைப் பற்றி, ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றி, அம்மா பம்பாய்த் தெருவைப் பார்த்துப் பயந்ததைப் பற்றி எல்லாம் எழுதியிருந்தது. தாவணியைத் தங்கை ஊரிலேயே மறந்து வைத்துவிட்டாளாம், மாதுங்கா கடையில் அறைத்தோழர் இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்று ஒரு வரி. பிறகு இது.

"உன் கெட்டிக்காரத்தனத்தை நீ எழுதியதிலிருந்து எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பெரியவளான பெண்ணைக் குழந்தை டிக்கெட்டில் ஏற்றிவிடுவாயோ என்று. டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். முழுக் கட்டணம் கட்டி ரசீது இணைத்திருக்கிறது. என் பிள்ளை தங்கையின் மரியாதையைக் காப்பாற்றினான் என்று டாக்டரிடம்கூடச் சொன்னேன்."

நான் அந்த வரிகளை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அப்பா படுக்கையில் கிடந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக எழுதியிருக்கிறாள். எங்கேயும் பேனா தடுமாறவில்லை, ஒரு அடித்தல் இல்லை. கடிதத்தின் அடியில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது. தன் பேரில் அவள் ஒரு வரி சேர்க்கவில்லை.

அன்று சாயந்திரமே பதில் எழுதினேன். எல்லாம் தங்கள் ஆசீர்வாதம் என்று எழுதினேன்.